ஒரே புள்ளியில் இரண்டு விமானங்கள்

இது இரண்டு வருடங்களுக்கு முன், காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. அன்று வீட்டில் இருந்தது மூன்று பேர். நான், எட்டு மாத வயிற்றோடு என் மகள், என் கணவரின் அக்கா. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் அந்த வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

என் கணவர் வீட்டில் இல்லை. சார்ஜாவிலிருந்து வரும் மருமகனை அழைத்து வர, வாடகைக் காரில் காலையிலேயே திருச்சிக்குக் கிளம்பிவிட்டார். பிரசவத்துக்கு உடன் இருக்க வேண்டும் என்று மருமகன் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தார்.

மகளுக்கு ஏழாம் மாதத்திலிருந்தே ரத்த அழுத்தம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை நான் தர்றேன். பொண்ணுக்குப் பதற்றம் வராம பாத்துக்க வேண்டியது நீங்க. திடீர்னு ஏறிச்சுன்னா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து" என்று சொல்லியிருந்தார். இதை அவர் யாரிடம் போய்ச் சொன்னார் பாருங்கள். பதற்றப்படுவதில் எங்கள் தெருவில் எனக்குப் பிறகுதான் யாரும். கேஸை மூடிவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக்குப் போன கணவர் கால் மணி நேரம் தாமதித்தால், எந்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றதற்கும் இதுதான் காரணம். பரீட்சை என்றால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். மூன்று பரீட்சைக்கு மூன்று முறை காய்ச்சல் வந்த பிறகு, வாப்பா போதும் என்று நிறுத்திவிட்டார்.

இப்படிப்பட்டவளின் போனில் என் மருமகன் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் அது. நீல நிறக் கடலும் பச்சை நிறத் தரையுமாக ஒரு படம் வரும். அதன் மேல் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டி விமானங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். "மாமி, நான் எங்க வர்றேன், எங்க வர்றேன்னு உங்க மவளை நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்காதீங்க. இதுல நீங்களே பாத்துக்கலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் நல்லதுக்குத்தான் செய்தார்.

அன்று நடுப்பகல், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக்காகச் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் மொட்டை மாடியில் காயவைத்திருந்தேன். காக்கை விரட்டுவதுபோல அங்கேயே போனோடு உட்கார்ந்துகொண்டேன். கீழே இருந்தால் என் முகத்தைப் பார்த்தே மகள் கண்டுபிடித்துவிடுவாள். மேலே சிக்னலும் நன்றாக வரும். மகள் எனக்கு நேர் கீழே இருந்த அறையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மருமகன் வரும் விமானம் அரபுக் கரையை விட்டுக் கடலுக்குள் வந்துவிட்டது. நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வெறும் கடலில், ஒன்றும் இல்லாத இடத்தில், இன்னொரு மஞ்சள் விமானம் திடீரென்று முளைத்தது. இதற்கு எதிரே, இதே கோட்டில், மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது.

விலகும், விலகும் என்று பார்க்கிறேன். இரண்டும் விலகவில்லை. நெருங்கி, நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே புள்ளியாகிவிட்டன. அடுத்த முறை படம் நகர்ந்தபோது எதிரே வந்தது சார்ஜா பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்களுடைய விமானம் கொஞ்ச தூரம் தள்ளித் தெரிந்தது, பிறகு அதைக் காணவில்லை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன். வெறும் நீலம்தான்.

என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன்."

எங்கள் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மவுத்துச் செய்தி காதில் விழுந்ததும் நாங்கள் சொல்வது அது. ஊரில் யார் இறந்தாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதலில் அதுதான் வரும். அது வந்ததும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, யார் என்று காதைத் தீட்டிக்கொள்வோம். அதைத்தான் நட்டநடுப் பகலில், மொட்டை மாடியில் நின்று, நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து மாடிப் பெண் கையிலிருந்த புடவையை அப்படியே விட்டுவிட்டாள். "லாத்தா, யாரு லாத்தா?"

நான் போனைக் காட்டி, "மாப்புள்ள வர்ற பிளேன்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவள் கெட்டவள் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மவுத் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான் மற்ற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்காரர் வாசல் வாசலாகப் போகக் கூடாது என்பது வழக்கம். அவள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள்.

கணவருக்குப் போன் செய்யப் பயம். நெடுஞ்சாலையில் காரில் போகிறவருக்கு இதைச் சொல்லி, அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? மருமகனின் போனுக்கு லைன் போகவில்லை. விமானத்தில் போன் சிக்னலை அணைத்துத்தான் வைப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. கடைசியில் டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே நான் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ, "அம்மா, அப்படி எதாவது நடந்திருந்தா இதுக்குள்ள என் போன் வெடிச்சிருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. "யாருக்கும் இன்னும் தெரியல தம்பி, நான் ஒருத்திதான் பாத்தேன்" என்றேன்.

அந்தத் தம்பி சற்று யோசித்தார். அவர் கடைக்கு வரும் ஒரு குடும்பத்தின் மருமகள், ஒரு பெரிய விமான நிலையத்தில் விமானங்களுக்கு உயரமும் வழியும் சொல்லும் கன்ட்ரோலர் வேலையில் இருக்கிறாராம். லீவுக்கு வரிச்சிக்குடியில் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். "லைன்ல இருங்கம்மா" என்று சொல்லி அவரையும் இணைத்துவிட்டு, இவர் விலகிக்கொண்டார்.

போனில் முதலில் குக்கர் விசில் கேட்டது. பிறகு ஓர் இளம் பெண்ணின் குரல். "சொல்லுங்கம்மா. என்ன பாத்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. நினைச்சதைச் சொல்ல வேணாம்."

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"உங்க மருமகன் பிளேன் எந்தப் பக்கம் பாத்து வந்துச்சு?"

"நம்ம பக்கம்."

"கிழக்கே. இன்னொண்ணு?"

"சார்ஜா பக்கம்."

"மேற்கே. சரி. அந்த மேற்கே போனது இப்ப போன்ல தெரியுதா?"

"தெரியுதும்மா. அது பாட்டுக்குப் போவுது. நம்ம புள்ளை வந்ததைத்தான் காணோம்."

"ரெண்டும் மோதியிருந்தா ஒண்ணு மட்டும் எப்படிம்மா அது பாட்டுக்குப் போகும்?"

"ஏன், லாரிக்காரன் இடிச்சுட்டு நிக்காமப் போவலையா?"

அவர் சிரிப்பை விழுங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. "லாரி போகும்மா. பிளேன் போகாது" என்றார். பிறகு, "நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"மொட்டை மாடியில."

"உங்க மக?"

"கீழ ரூம்ல தூங்குது."

"நீங்க நிக்கிற இடத்துக்கு நேர் கீழயா?"

இரண்டடி நகர்ந்து கணக்குப் பார்த்தேன். "ஆமா, நேர் கீழதான் கட்டில்."

"அப்ப வானத்துலேருந்து ஒருத்தர் உங்க வீட்டைப் படம் எடுத்தா நீங்களும் உங்க மகளும் ஒரே புள்ளி. ரெண்டு பேரும் முட்டிக்கிட்டீங்களா?"

"இல்லையே. நடுவுல தளம் இருக்கே."

"அங்க தளம் கிடையாது. அந்தத் தளத்தைப் போடறதுதாம்மா எங்க வேலை."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கிழக்குப் பக்கம் பறக்கும் விமானங்களுக்கு வழக்கமாக ஒற்றைப்படை ஆயிரத்தில் உயரம் கொடுப்பார்கள். முப்பத்தைந்தாயிரம் அடி, முப்பத்தேழாயிரம் அடி என்று. மேற்குப் பக்கம் போகிறவற்றுக்கு இரட்டைப்படை ஆயிரம். அதனால் ஒரே கோட்டில் நேர் எதிரே வந்தாலும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஆயிரம் அடி இருக்கும். அந்த ஆப்பில் விமானத்தைத் தொட்டால் உயரமும் வருமாம். நான் ஒரு நாளும் தொட்டதில்லை. ஒரு முறை கை பட்டு வந்த எண்ணை, இன்னும் போக வேண்டிய தூரம் என்று நினைத்திருந்தேன்.

"ஆயிரம் அடி போதுமா?" என்று கேட்டேன். மழைத் தண்ணீருக்கு வாசல்படி உயரம் போதுமா என்று கவலைப்படுபவளுக்கு ஆயிரம் அடி எப்படிப் போதும்?

"உங்க தெரு எவ்வளவு நீளம்?"

"பள்ளிவாசல்லேருந்து கடைத்தெரு முனை வரைக்கும். நடந்தா நாலு நிமிஷம்."

"கிட்டத்தட்ட அந்தத் தெருவை அப்படியே நெட்டுக்குத்தா நிறுத்துங்க. கீழ் முனையில ஒண்ணு போகுது. மேல் முனையில ஒண்ணு போகுது. போதும்மா."

அப்படியும் விடவில்லை நான். யாராவது ஒருவர் பாதி வழியில் உயரத்தை மாற்றினால்? அதற்கும் பொறுமையாகச் சொன்னார். பைலட் தன் இஷ்டத்துக்கு ஏறவோ இறங்கவோ முடியாது. கேட்க வேண்டும். இவர்கள் ஒரு உயரத்தைச் சொல்வார்கள். சொன்னதை பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதில் ஒரு எண் பிசகினாலும் விட மாட்டார்கள், மறுபடி சொல்ல வைப்பார்கள். ஓர் உயரத்தில் ஒரு விமானம் இருந்தால், அது அந்த உயரத்தை விட்டு விலகியது உறுதியான பிறகுதான் அதை இன்னொன்றுக்குக் கொடுப்பார்கள். இதையெல்லாம் மீறி நெருங்கினால், விமானத்துக்குள்ளேயே ஒரு கருவி, ஒருவரை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் கத்துமாம்.

"அப்ப ஏம்மா நம்ம பிளேனைக் காணோம்?"

"அந்த ஆப்புக்குச் சிக்னல் பிடிக்கிற கருவியெல்லாம் பெரும்பாலும் கரையிலதான் இருக்கு. நடுக்கடல்ல பிடிக்காது. அந்த இன்னொரு பிளேன் திடீர்னு முளைச்சதும் அதனாலதான். அது காணாத இடத்துலேருந்து வெளிய வந்துச்சு. உங்களுது உள்ள போயிடுச்சு. நம்ம கரை கிட்ட வந்ததும் திரும்பத் தெரியும்."

"அப்ப என் மருமவன் நல்லா இருக்காரா?"

இதற்கு எல்லோரும் உடனே என்ன சொல்வார்கள்? ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள் என்பார்கள். என்னிடம் இதுவரை ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவையும் நான் நம்பியதில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அதை நான் பாக்காமச் சொல்லக்கூடாதும்மா. எனக்கு முன்னால இப்ப ஸ்கிரீன் இல்ல, மாமியாரோட அடுப்புதான் இருக்கு. ஆனா நீங்க பாத்தது விபத்து இல்ல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். ஒரு புள்ளி மேல ஒரு புள்ளி ஏறிப் போறதை டியூட்டியில உக்காந்தா நான் நாள் முழுக்கப் பாக்கறேன். நாங்க புள்ளியை மட்டும் பாக்கறதில்ல. அது பக்கத்துல எழுதியிருக்கற உயரத்தையும் பாப்போம்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால், தெரியும் என்று சொன்னதை நம்பினேன்.

அப்போதுதான் படிக்கட்டிலிருந்து என் நாத்தனாரின் குரல். "ஏ புள்ள! தெருவே வந்து நம்ம வாசல்ல நிக்குது. யாரு மவுத்துன்னு என்னையக் கேக்குறாளுவ. யாருடி மவுத்து?"

எட்டிப் பார்த்தேன். முக்காடு போட்டுக்கொண்டு பத்துப் பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்கள். கீழே மகள் தூங்குகிறாள்.

"நான் போறேம்மா, வாசல்ல கூட்டம் வந்துட்டு" என்று போனை வைக்கப் போனேன்.

"இருங்க. நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிட்டுப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. வீடு தீப்பற்றிக்கொண்டிருக்கும்போது பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாரே என்று. ஆனாலும் அந்தக் குரலில் என்னவோ இருந்தது, மீற முடியவில்லை. "கிழக்கே வர்றது ரெட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல. மறுபடி."

"கிழக்கே ஒத்தை. மேற்கே ரெட்டை. நடுவுல ஆயிரம் அடி. பிளேன் காணாமப் போவல, சிக்னல்தான் காணோம்."

"எப்பத் தெரியும்?"

"கரை கிட்ட வந்ததும் தெரியும்."

"சரி. போங்கம்மா."

படியிறங்கினேன். என் நாத்தனார் நிலைவாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முழங்கால் வலி, பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க மாட்டார். அன்று கதவைப் போல நின்றார். "உள்ள வர்றதா இருந்தா சிரிச்ச மொகத்தோட வாங்க. புள்ளத்தாச்சி தூங்குது. மவுத்து யாருன்னு இந்த வீட்டுக்காரி எனக்கே தெரியல, உங்களுக்கு எவ சொன்னா?"

"மாடியில லாத்தாதான் சொன்னாங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், அழுதுகொண்டே.

"அவ சொன்னாளா? அவ பால் பொங்கினாலே, மவுத்து வீட்டுல ஓதுற யாசீனை ஓதுறவ. அவ சொன்னான்னு வந்தீங்களா?"

நான் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சைகை காட்டி அமைதியாக்கப் பார்த்தேன். அதற்குள் பின்னால் அறைக் கதவு திறந்தது. மகள் கலைந்த தலையோடு நின்றாள். கூட்டத்தில் வயதான ஒரு பெண், என் நாத்தனாரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்து, "என் மவளே, உன் தலையெழுத்து இப்படியா ஆகணும்" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

மகளின் முகம் வெளிறிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கை வயிற்றுக்குப் போனது. இன்னொரு கை சுவரைத் தேடியது. "உம்மா, அவங்களுக்கு என்ன?"

டாக்டரம்மா சொன்ன அந்த நேரம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வழக்கமாக என்ன ஆகும் என்றால், வாய் குழறும், அவளுக்கு முன்னால் நான் அழுவேன். என் அழுகையைப் பார்த்து அவள் மீதியை நினைத்துக்கொள்வாள். அன்று அப்படி ஆகவில்லை. தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வார்த்தைகள் வரிசையாக வாயில் தயாராக இருந்தன, அவ்வளவுதான். அரை நிமிடத்துக்கு முன்தான் திருத்திச் சொல்லியிருந்தேனே.

அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். "ஒண்ணும் இல்லம்மா. உம்மா போனைப் பாத்துத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். கிழக்கே வர்றது ஒத்தைப்படை ஆயிரம் அடி. மேற்கே போறது ரெட்டைப்படை. நடுவுல ஆயிரம் அடி இருக்கு. மேலேருந்து பாத்ததால ஒண்ணா தெரிஞ்சிச்சு. பிளேன் காணாமப் போவல, நடுக்கடல்ல சிக்னல் கிடையாது. கரை கிட்ட வந்ததும் தெரியும்."

மகள் பி.காம் படித்தவள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"பிளேனுக்கு உயரம் சொல்ற வேலை பாக்குற பொண்ணு. வரிச்சிக்குடியில இருக்காங்க. இப்பத்தான் பேசினேன்."

"திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அந்த வேலையின் வழக்கம் எதுவும் தெரியாது. நம்பிக்கை வராமல்தான் கேட்டாள். மறுபடி சொன்னேன், ஒரு வார்த்தை மாறாமல். அவள் நீளமாக மூச்சு விட்டாள். "நீங்க இவ்வளவு தெளிவா எதையும் சொன்னதே இல்லம்மா" என்றாள். வயிற்றிலிருந்த கை கீழே இறங்கியது.

வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அவர்களுக்கும் அந்தப் பிள்ளை நன்றாக வந்து சேர வேண்டும் என்றுதான் இருந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சீனி டப்பாவில் போனைச் சாய்த்து நடுவில் வைத்தோம். படத்தில் மேற்குக் கரையும், அதற்கு அப்பால் வெறும் நீலமும். நாத்தனார் எல்லோருக்கும் தேநீர் போட்டார். "மவுத்து வீடுன்னு வந்துட்டு, ஓசியில டீக் குடிச்சுட்டு, பிளேன் பாக்குறாளுவ பாரு" என்று அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிலர் தஸ்பீஹ் மணி உருட்டினார்கள். மகளைக் கட்டிக்கொண்டு அழுத பெரியம்மா, "மேல போலீசு நிப்பாங்களா?" என்று கேட்டார். "போலீசு இல்ல பெரியம்மா, தரையிலேருந்தே பாத்துச் சொல்லுவாங்க" என்று நான் சொன்னேன். நான் போய் ஒருவருக்கு விளக்கம் சொல்கிறேன்.

உள்ளுக்குள் எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். கரை கிட்ட வந்தும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெண்ணே பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றாரே. ஒவ்வொரு முறை படம் நகரும்போதும் நீலம் மட்டும் இருக்கும். மகள் என் விரலைப் பிடித்திருந்தாள். அது நடுங்கக் கூடாது என்று அதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மங்களூருக்கு மேற்கே கடலில் ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது. யாரோ அது வேறு விமானம் என்றார்கள். மகள் விரலால் தொட்டாள். மருமகன் வரும் விமானத்தின் எண்தான். சார்ஜாவிலிருந்து திருச்சி. அதன் கீழே இன்னோர் எண். மகள் உரக்கப் படித்தாள். "முப்பத்தேழாயிரம் அடி."

நாத்தனார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "முப்பத்தேழு ஒத்தைதானடி?"

"ஒத்தைதான் மச்சி" என்றேன். பிறகுதான் அழுதேன். கூடமே அழுதது. இந்த அழுகையை யாரும் தடுக்கவில்லை.

திருச்சியில் இறங்கியதும் மருமகன் போன் செய்தார். செய்தி அதற்குள் அவருக்குப் போய்விட்டது. "மாமி, என்னைய மவுத்தாக்கிட்டீங்களாமே? ஃபாத்திஹா ஓதிட்டீங்களா, இல்ல நான் வந்த பிறகுதானா?" என்று சிரித்தார். இரவு வீட்டுக்கு வந்ததும் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஜன்னலோர சீட்டில் இருந்து எடுத்தது. அவர் விமானத்துக்குக் கீழே, நன்றாகத் தள்ளி, இன்னொரு விமானம் எதிர்ப்பக்கமாக ஒரே கணத்தில் கடந்து போகிறது. மேகம் அழகாக இருக்கிறதே, பெண்டாட்டிக்குக் காட்டலாம் என்று எடுத்தபோது அதுவும் சிக்கியதாம். நான் மாடியில் பார்த்து அலறிய அதே விமானம்தானா என்று அடித்துச் சொல்ல முடியாது. நேரம் ஒத்துப்போகிறது என்றார் அவர். அந்த வீடியோவை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அன்று மாலை நர்ஸை வரவழைத்து மகளுக்கு அழுத்தம் பார்த்தோம். கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும்படி இல்லை. மறுநாள் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. தெருவில் இன்றும் என் மருமகனைக் கண்டால், "என்ன மாப்புள்ள, இன்னிக்கு ஒத்தையா ரெட்டையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும் தம்ரூட் இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிக்குப் போனோம். வயலை ஒட்டிய வீடு. அந்தப் பெண் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் மாமியார்தான் இருந்தார். போன் போட்டுத் தருகிறேன் என்று முயன்றுவிட்டு, "எடுக்க மாட்டா. டூட்டியில போனை வெளியிலயே வச்சுடணுமாம்" என்றார். போனில் என்னைத் திருப்பிச் சொல்லவைத்ததை நான் சொன்னதும், குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு மருமகளைப் பற்றிக் குறைப்பட்டார். "எங்க வீட்லயும் அப்படித்தாங்க. கடைக்குப் போறவரை நிறுத்தி வச்சு, என்ன வாங்கணும்னு திருப்பிச் சொல்லச் சொல்லுவா. எங்க வீட்டுக்காரரு அதுக்குப் பயந்தே கடைக்குப் போறதை விட்டுட்டாரு." சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருந்தது.

இன்று வரை அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. வெளியே போனவர்கள் எல்லாம் நான் கவலைப்படுவதால்தான் பத்திரமாகத் திரும்புகிறார்கள், நான் கண்ணை மூடினால் ஏதாவது ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இத்தனை வருடமாக எனக்கு இருந்திருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர், அதுவே வேலையாக, விழித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து, வீட்டு ஆட்கள் வானத்தில் இருக்கும் நாட்களில்கூட நான் கொஞ்சம் தூங்குகிறேன்.